தெளிந்த நீரெல்லாம் சுத்த நீரல்ல

புதுத் தொட்டி, புது வடிகட்டி, கண்ணாடிபோல் தெளிந்த நீர். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கின்றன. "எனக்கு மீன் வளர்க்கும் ராசியே இல்லை" என்று சொல்லும் மாணவரா நீங்கள்? ராசியைக் குறை சொல்லாதீர்கள். வடிகட்டியின் வேலை என்னவென்று பாருங்கள்.

வடிகட்டி என்றால் அழுக்கைப் பிடிக்கும் சல்லடை என்றே பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், அது நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடு.

மீனின் செவுள் வழியாக அம்மோனியா இடைவிடாமல் வெளியேறுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகும். நீரில் கரைந்துவிடும் இந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, சல்லடையிலும் சிக்காது. நம் வட்டாரத்துக்கு இது புதிதல்ல. 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லங்காட் ஆற்றில் அம்மோனியா கூடியதால் செராஸ் 11ஆவது மைல், புக்கிட் தம்போய் நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. ஆற்றுக்கே அந்தக் கதி என்றால், ஸ்ரீ கெம்பாங்கான் வீட்டுக் கூடத்தில் இருக்கும் 40 லிட்டர் தொட்டி எம்மாத்திரம்?

தொட்டியில் இந்த நஞ்சை முறிப்பவை இரு வகை நுண்ணுயிர்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். மறுவகை அதைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இத்தகைய நுண்ணுயிர்களை 1890இல் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி. பஞ்சு, பீங்கான் வளையம் போன்றவற்றில் இவை ஒட்டி வளரும். போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம்.

ஆகவே கடையில், "எது தண்ணீரைப் பளிச்சென்று ஆக்கும்?" என்று கேட்காதீர்கள். "எதில் நுண்ணுயிர்களுக்கு இடம் அதிகம்?" என்று கேளுங்கள். சிறு மீன்கள் சில மட்டும் வாழும் தொட்டிக்குக் காற்று பம்பில் இயங்கும் பஞ்சு வடிகட்டியே போதும். விலை குறைவு, குஞ்சுகளை உறிஞ்சாது, குமிழிகள் நீர்ப்பரப்பைக் கலக்கி ஆக்சிஜனையும் சேர்க்கும். தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு மட்டும் இது போதாது. அது கழிக்கும் கழிவு அதிகம். பெரிய தொட்டியும் பெரிய வடிகட்டியும் வேண்டும்.

மாதந்தோறும் பஞ்சை எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கச் சொல்லும் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. அழுக்கோடு குடியிருப்பும் போய்விடுகிறது. குழாய் நீரில் கழுவினாலும் கேடுதான்: நம்மை நோயிலிருந்து காக்கும் குளோரின் இவற்றைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரில் பஞ்சை மெல்லப் பிழிந்தால் போதும். மின்சாரத்தை மிச்சப்படுத்த இரவில் வடிகட்டியை நிறுத்தாதீர்கள். நுண்ணுயிர்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும்.

வடிகட்டி இருந்தாலும் நைட்ரேட் சேர்ந்துகொண்டே போகும். வாரந்தோறும் கால் பங்கு நீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய நீரை ஊற்றுங்கள்.

மீன் வாங்கும் அவசரத்தைச் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள். வெறும் தொட்டியில் வடிகட்டியை ஓடவிட்டு, சிறிது தீனியைப் போட்டு வாருங்கள். சோதித்துப் பார்க்கும்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகி, நைட்ரேட் தெரியத் தொடங்கட்டும். முதலில் குடியேற வேண்டியவை நுண்ணுயிர்கள். மீன்கள் பிறகு வரட்டும்.