நகரை அனுபவிக்கச் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். துணைப்பாடம், தூக்கம், திறன்பேசி என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் என்றால் பகுதிநேர வேலையும் சேர்ந்துகொள்ளும். “வெளியே எங்கேயும் போகவில்லையா?” என்று கேட்டால், “எங்கே போவது? எல்லாமே காசு” என்பார். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றி இங்கே பேசலாம்.

சிங்கப்பூர் சிறிய நாடு. ஆனால் பெரிய நகரம். 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் ஆறு மில்லியனுக்கும் அதிகமானோர் வாழ்கிறோம். பல நாடுகளில் ஒரு மேடை நாடகம் பார்க்க விரும்பும் கிராமத்து மாணவர் ரயிலேறி இன்னோர் ஊருக்குப் போகவேண்டும். நாம் உட்லண்ட்ஸில் இருந்தாலும் பாசிர் ரிஸில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் எஸ்பிளனேட் வாசலில் நிற்கலாம். இருந்தும், நல்ல சாப்பாடு, நாடகம், உடற்பயிற்சி எல்லாம் வேலைக்குப் போன பிறகு வரும் வசதிகள் என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. “முதலில் படிப்பை முடி, அப்புறம் எல்லாவற்றையும் அனுபவிக்கலாம்” என்று பெற்றோர் சொல்வது அக்கறையால்தான். ஆனால் 16 வயதில் பழகாத ஒன்று 26 வயதில் தானாக வந்துவிடுவதில்லை. சம்பளம் வாங்கிய பிறகும் செயலியில் சாப்பாடு வரவழைத்து, படுக்கையில் சாய்ந்தபடி தொடர் பார்த்து வார இறுதியைக் கழிக்கும் அண்ணன், அக்காமார்களை நாம் எல்லாருமே பார்க்கிறோம்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ 2020 டிசம்பரில் தொட்டுணர முடியாத கலாசார மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. செய்தி வந்த அன்று எல்லாருக்கும் பெருமை. ஆனால் அந்தக் கடைகளை நடத்துவோரின் இடைநிலை வயது ஏறக்குறைய 60. பலருக்குப் பிறகு கரண்டியைப் பிடிக்க வீட்டில் ஆளில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்ததே அந்தக் கரண்டிதான் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

தேக்கா நிலையத்தில் ஒரு மீ கோரெங் கடைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மஞ்சள் மீ சீனர்களுடையது. பெயர் மலாய். சட்டியில் அதைப் புரட்டுபவர் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம். மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்ந்து சிவந்து வரும் அந்தத் தட்டு, தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த சமையல் கிடையாது. இங்கே வந்து கடை போட்டவர்கள் பக்கத்துக் கடைகளைப் பார்த்து, தங்கள் கைப்பக்குவத்தைச் சேர்த்து உருவாக்கியது. வரலாற்றுப் பாடத்தில் பல பக்கங்களில் படிப்பதைச் சில வெள்ளியில் சாப்பிட்டே புரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றும் அங்கே கிடைக்கும். “அண்ணே, காரம் கொஞ்சம் குறைச்சுப் போடுங்க” என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். “பள்ளிக்கூடத்துப் பிள்ளையா? முட்டை இன்னொண்ணு போடவா?” என்று பதில் வரும். செயலி அப்படிக் கேட்காது. விநியோகக் கட்டணத்தை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளும். சைவம் மட்டும் சாப்பிடுபவர், ஹலால் மட்டும் சாப்பிடுபவர், மாட்டிறைச்சி தவிர்ப்பவர் என நான்கு நண்பர்கள் நான்கு கடைகளில் வாங்கி ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடிகிற வசதி எல்லா நகரங்களிலும் கிடையாது. நமக்கு அது பழகிப் போனதால் கண்ணில் படுவதில்லை.

பானங்களைப் பற்றி ஒரு வரி. பபிள் டீ கடைகளின் விலைப்பட்டியலில் ‘சி’, ‘டி’ என்ற எழுத்துகளைக் கவனித்திருப்பீர்கள். 2022 டிசம்பரில் அடைக்கப்பட்ட பானங்களுக்கு வந்த நியூட்ரி-கிரேட் முறை, 2023 டிசம்பரில் கடைகளில் கலக்கித் தரப்படும் பானங்களுக்கும் வந்தது. அந்த எழுத்தைப் பார்த்தும் ‘டி’யையே வாங்குவது உங்கள் உரிமை. தினமும் வாங்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறோம்.

அடுத்தது நாடகம். இதில்தான் நமக்கு அதிகக் கவலை.

எஸ்பிளனேட் 2002 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதன் டுரியான் வடிவக் கூரைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மாணவர் குறைவு. உள்ளே உட்கார்ந்து ஒரு நாடகத்தை முழுமையாகப் பார்த்தவர்களை எண்ணினால், பள்ளி ஏற்பாடு செய்த சுற்றுலாவில் போனவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். கட்டணம் உயர்வு என்ற பயம் ஒரு காரணம். ஆனால் அங்கே வெளியரங்கிலும் உள்கூடத்திலும் வார இறுதிகளில் நடக்கும் பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே இல்லை. சட்டை மடிப்புக் கலையாமல் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பள்ளிப் பையை முதுகில் மாட்டியபடியே போய் உட்காரலாம்.

தமிழ் நாடகத்தின் நிலைமை வேறு. ரவீந்திரன் நாடகக் குழு, அவாண்ட் தியேட்டர், அகம் தியேட்டர் லேப் போன்ற குழுக்கள் இங்கே தமிழில் மேடையேற்றுகின்றன. அந்த மேடைகளில் கேட்கும் தமிழைச் சென்னைத் திரைப்படங்களில் கேட்க முடியாது. அடுக்குமாடி மின்தூக்கியில், தேசிய சேவை முகாமில், தாத்தா பாட்டி வீட்டுச் சமையலறையில் நாம் பேசும் தமிழ் அது. இடையில் ‘லா’வும் வரும். அப்படியொரு தமிழ் மேடைக்கும் தகுதியானதுதான் என்று ஓர் இளையர் முதல்முறை உணரும்போது, தமிழ்ப் பாடத்துக்கும் தனக்கும் உள்ள உறவைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குவார்.

ஆனால் இருக்கைகளில் யார் இருக்கிறார்கள்? நடிகர்களின் பெற்றோர், உறவினர், நண்பர்கள், வேறு குழுவைச் சேர்ந்த நடிகர்கள் என்று பழகிய முகங்களையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். தமிழகத்திலிருந்து ஒரு பின்னணிப் பாடகர் வந்தால் நூறு வெள்ளியைத் தாண்டிய நுழைவுச்சீட்டுக்கும் மாணவர்கள் எப்படியோ பணம் சேர்த்துவிடுகிறார்கள். உள்ளூர் நாடகத்துக்கு அதைவிடப் பலமடங்கு குறைந்த கட்டணம் என்றாலும் தயக்கம். எல்லா நாடகங்களும் அருமையாக இருக்கும் என்று நாம் பொய் சொல்லப் போவதில்லை. சிலவற்றில் அறிவுரை அதிகம். சில அரை மணி நேரம் முன்னதாகவே முடிந்திருக்கலாம். திரைப்படங்களும் அப்படித்தான் இருக்கின்றன. அதற்காக யாரும் திரையரங்குக்குப் போவதை நிறுத்திவிடவில்லை.

மேடையால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1988ல் ‘மாமா லுக்கிங் ஃபார் ஹெர் கேட்’ என்ற நாடகத்தை மேடையேற்றினார். காணாமல் போன பூனையைத் தேடும் ஹொக்கியன் பேசும் தாய் ஒருவரின் கதை அது. ஆங்கிலமும் மாண்டரினும் பேசும் பிள்ளைகளோடு அவரால் மனம்விட்டுப் பேச முடிவதில்லை. வழியில், தன் பூனையைத் தேடிக்கொண்டிருக்கும் தமிழ் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறார். இவருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு ஹொக்கியன் தெரியாது. இருவரும் தத்தம் மொழியில் பேசி, கையால் காட்டி, ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளிடம் கிடைக்காத அந்தப் பேச்சு வழிப்போக்கரிடம் கிடைக்கிறது.

பாட்டி தமிழில் கேட்கும் கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டுத் திறன்பேசிக்குத் திரும்பும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், அந்தக் காட்சி உங்களைச் சும்மா விடாது.

நாடக அரங்கம் பணக்காரர்களுக்கானது என்று நினைப்போர் இன்னொரு செய்தியையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோர்ட் கேனிங் மலையடிவாரத்தில் 1963ல் திறக்கப்பட்ட தேசிய அரங்கம் எழும்ப, பொதுமக்களும் நன்கொடை தந்தார்கள். ‘ஒரு செங்கல்லுக்கு ஒரு வெள்ளி’ என்று அதற்காக இயக்கமே நடந்தது. ஒரு வெள்ளி அப்போது சிறிய தொகை இல்லை. 1986ல் அந்த அரங்கம் இடிக்கப்பட்டது. பணம் கொடுத்த தலைமுறையில் உங்கள் தாத்தாவோ பாட்டியோ இருந்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

உடற்பயிற்சிக்கு வருவோம். உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையும் உடற்கல்வி வகுப்பும் நம்மை ஓட வைக்கின்றன. பள்ளி முடிந்ததும் ஓட்டமும் முடிந்துவிடுகிறது. 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரம் இரண்டு உடற்கல்வி வகுப்பு அதற்கு எந்த மூலைக்கு?

இதற்காக மாதச் சந்தா கட்டிக் கண்ணாடிச் சுவர் போட்ட உடற்பயிற்சிக்கூடத்தில் சேரவேண்டியதில்லை. ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடங்களுக்கும் நீச்சல் குளங்களுக்கும் சில வெள்ளிதான் கட்டணம். மாணவர்களுக்கு அதிலும் குறைவு. வீவக புளோக்குகளுக்குக் கீழே இருக்கும் உடற்பயிற்சி மூலைக்கு அதுவும் வேண்டாம். காலையில் முதியவர்கள் அங்கே நம்மைவிடச் சுறுசுறுப்பாக இருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருக்கும். தீவு முழுவதும் 300 கிலோமீட்டருக்கும் அதிகமான பூங்கா இணைப்புப் பாதைகள் இருக்கின்றன. 2011 ஜூலை 1ஆம் தேதி சிங்கப்பூருக்குத் திரும்பக் கிடைத்த பழைய ரயில் நிலம், இப்போது வடக்கே உட்லண்ட்ஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பகார் நோக்கி 24 கிலோமீட்டர் நீளும் பசுமைப் பாதையாகியிருக்கிறது. மலாயா ரயில்வேயில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் பாதையில் புக்கிட் தீமா இரும்புப் பாலம்வரை நடந்துவிட்டு, அருகிலுள்ள உணவங்காடி நிலையத்தில் சாப்பிட்டு வீடு திரும்பினால் ஒரு ஞாயிறு காலை நன்றாகப் போகும். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுட்டெரிக்கும்.

இங்கே பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. மகன் இரவு எட்டு மணிக்குக் காற்பந்து விளையாடக் கிளம்பினால் தண்ணீர்ப் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்புகிறோம். மகள் அதே நேரத்தில் ஓடப் போகிறேன் என்றால், எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்கிறோம். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்விகளிலேயே சலித்துப்போய்ப் பல பெண் பிள்ளைகள் ஓடுவதை விட்டுவிடுகிறார்கள். அம்மாவோ அத்தையோ கூடவே நடக்கக் கிளம்பலாமே.

காசு பற்றிய குறையின் பாதி உண்மை என்றோம். அதற்கு ஏற்பாட்டாளர்களும் அரசாங்கமும்தான் பதில் சொல்லவேண்டும். 2025ல் 18 வயதும் அதற்கு மேலுமான சிங்கப்பூரர்களுக்கு 100 வெள்ளி மதிப்புள்ள எஸ்ஜி கல்ச்சர் பாஸ் வழங்கப்பட்டது. உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்கு 2028 இறுதிவரை அதைப் பயன்படுத்தலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிப்போரில் பலருக்கு அது கிடைத்திருக்கும். இன்னும் தொடாமல் வைத்திருப்போர் அதில் ஒரு தமிழ் நாடகம் பார்க்கலாம். ஆனால் பழக்கம் உருவாகும் வயதில் இருக்கும் 13 முதல் 17 வயதினர் அந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளிகள் வழியாகச் சலுகைகள் உண்டு என்பது உண்மை. வகுப்போடு வரிசையில் நின்று போவதும், தானே தேர்ந்தெடுத்து நண்பரோடு போவதும் ஒரே அனுபவமாகுமா? இருபது முப்பது வெள்ளி மதிப்பிலாவது அவர்களுக்கும் ஒரு திட்டம் வரவேண்டும் என்று கேட்கிறோம்.

நாடகக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். எஸ்பிளனேடின் கலா உத்சவம் வழக்கமாக நவம்பரில் வருகிறது. சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகள் நடக்கும் மாதமும் அதுதான். மாணவர்கள் வரவில்லை என்று அப்போது வருந்திப் பயனில்லை. தமிழ்மொழி விழா நடக்கும் ஏப்ரலில் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. ஆண்டிறுதி விடுமுறையில் தமிழில் பார்க்க எதுவும் இருக்கிறதா என்றால் தேடித்தான் பார்க்கவேண்டும். தேர்வு முடிந்த மறுவாரம், சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பத்து வெள்ளிக் கட்டணத்தில் ஒரு நாடகம் போட்டுப் பாருங்கள். அரங்கம் நிரம்புகிறதா இல்லையா என்று அப்போது பார்த்துவிடலாம்.