தொகுதி மட்டும் போதுமா?



மழை தொடங்கினால் ஆந்திராவின் கர்னூல் மாவட்டத்தில், ஜொன்னகிரி, துக்கலி பக்கம் வைரம் தேடிக் கூட்டம் கூடுகிறது. மழை மேல்மண்ணை அரித்ததும் கல் வெளியே தெரியும். சிலருக்கு உண்மையிலேயே கிடைக்கவும் செய்கிறது. "கூலித் தொழிலாளிக்கு லட்சக்கணக்கில் வைரம்" என்று டி.வி.யில் வந்ததும் புது ஆட்கள் பஸ் பிடித்து வந்து இறங்குகிறார்கள்.

நம் கிளென்மார்கனிலிருந்தே பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், கொஞ்சம் கடன் வாங்கி நாலு நாள் போய்ப் பார்க்கட்டுமா?"

ஐந்தாம் வகுப்பில் பின்னம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா? மேலே தொகுதி, கீழே பகுதி. செய்தியில் வருவது தொகுதி மட்டும்: கிடைத்தவர் ஒருவர். நாளெல்லாம் குனிந்து தேடி வெறுங்கையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர்? அந்தப் பகுதியை யாரும் காட்டுவதில்லை. அது விதைப்புக் காலம் வேறு. மிதிபடுவது ஒரு விவசாயியின் நிலம்.

நம் மாவட்டத்துக்கும் இது புதிதல்ல. கூடலூர் தாண்டினால் தேவாலா. 1880 வாக்கில் அங்கே தங்கம் என்ற பேச்சு லண்டன் வரை போனது; கம்பெனிகள் முளைத்தன, பங்குகள் விற்றன. சில ஆண்டுகளில் எல்லாம் படுத்துவிட்டன. விட்டுப்போன சுரங்கங்களில் பின்னாளில் பொன் தேடி இறங்கி உயிரை விட்டவர்களும் உண்டு.

அவனிடம் சொன்னேன்: "ஊர் பார்க்கப் போகிறாயா, போய் வா. நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டுக் கால் வை. கடன் மட்டும் வாங்காதே."

செய்தி போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பகுதியையும் சேர்த்துப் போடுங்கள்.