கொள்கையும் கொள்முதலும்

சென்ற பருவத்தில் நம் கல்லூரிச் சொற்போர் மன்றத்தில், குடியாட்சி நாடுகள் சர்வாதிகாரிகளோடு உடன்படிக்கை செய்துகொள்ளுதல் தகுமா என்பதுபற்றி வாதம் நிகழ்ந்தது. யான் தகாது என்னும் கட்சியில் நின்று பேசினேன். கொடுங்கோலன் கையைப் பற்றியவன் கையிலும் குருதி படியும் என்று யான் முழங்கியபோது, பின்வரிசை நண்பர்கள் மேசையைத் தட்டிய ஓசை இன்னும் என் செவியில் ஒலிக்கின்றது. எங்கள் கட்சியே வென்றது. ஆயினும் விடுமுறையில் ஐரோப்பிய வரலாற்று நூல்கள் சிலவற்றைப் படித்தபின், அவ்வெற்றி என்னை உறுத்தத் தொடங்கிற்று. 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி நகரில் 35 அரசுகள் கையொப்பமிட்ட இறுதிச் சாசனமே அவ்வுறுத்தலுக்குக் காரணம்.

அச்சாசனம் பிறந்த வகையைச் சிறிது கூறுதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் கீழை ஐரோப்பா சோவியத்து அரசின் பிடியில் அகப்பட்டது. போருக்குப்பின் அமைந்த எல்லைகளை மேலைநாடுகள் ஒப்புக்கொண்டுவிடவேண்டும் என்பது மாஸ்கோவின் நெடுநாள் விருப்பம். மேலைநாடுகளோ போரச்சம் தணிதலையும் வாணிகம் வளர்தலையும் விரும்பின. இருதிறத்தார்க்கும் கொள்முதல் இருந்தது. ஆனால் ஜெனீவாவில் ஏறக்குறைய ஈராண்டு நடந்த பேச்சில், மேலை ஐரோப்பியத் தூதர்கள் சலியாது நின்று வேறு சில வாசகங்களையும் புகுத்தினர். சிந்தனை, மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் உரிமை. பிரிந்த குடும்பங்கள் ஒன்றுசேரும் வாய்ப்பு. செய்தித்தாள்கள் எல்லைகடந்து செல்லும் வழி என்பன அவை. அமெரிக்க அயல்நாட்டமைச்சர் கிசிஞ்சரே அவற்றைப் பெரிதாக மதித்தாரல்லர். எல்லைகள் நிலைபெற்றால் போதும், ஏனையவை வெறுஞ்சொல் என்று கருதியே பிரெஷ்னேவ் ஒப்பமிட்டார் போலும். இஃது சட்டத்தாற் பிணிக்கும் உடன்படிக்கையும் அன்று.

அன்று அமெரிக்காவில் எழுந்த கண்டனம், சொற்போர் மன்றத்தில் யான் பேசிய பேச்சையே ஒத்தது. அடிமைப்பட்ட நாடுகளை விற்றுவிட்டார் என்று குடியரசுத் தலைவர் போர்டைப் பலர் தூற்றினர். ஹெல்சிங்கிக்குச் செல்லற்க எனப் பத்திரிகைகளும் எழுதின. அவர் சென்றதை யான் இன்று குறைகூறேன். ஆனால் அதற்குச் சில வாரங்களுக்குமுன், நாடுகடத்தப்பட்ட எழுத்தாளர் சோல்செனித்ஸினை மாஸ்கோவின் மனம் நோகுமென்று அஞ்சி வெள்ளை மாளிகையில் வரவேற்காது விட்டாரே, அதனை எவ்வாறு பொறுப்பது? பகைவனோடு பேரம் பேசுதற்காக நண்பனுக்குக் கதவடைக்கவேண்டும் என்று எந்த அரசியல் நூலும் விதிக்கவில்லை. பிரெஷ்னேவின் கையைப் பற்றியது செயல்திறம். சோல்செனித்ஸினின் கையைப் பற்றாதது கோழைமை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதே என் பழைய பிழை.

இனி நிகழ்ந்ததைக் காண்க. சாசனத்தை ஒவ்வோர் அரசும் தன் நாட்டில் வெளியிட்டுப் பரப்பவேண்டும் என்பது அதிலேயே எழுதப்பட்ட ஏற்பாடு. அவ்வாறே பிராவ்தா இதழ் அதனை முழுமையாக அச்சிட்டது. தம் அரசு கையொப்பமிட்ட உரிமைகளைச் சோவியத்துக் குடிகள் தம் அரசின் பத்திரிகையிலேயே படித்தனர். 1976-ஆம் ஆண்டு மே மாதத்தில் யூரி ஓர்லோவ் என்னும் பௌதிக அறிஞர் நண்பர் சிலரோடு மாஸ்கோவில் ஒரு குழு அமைத்தார். புதிய கொள்கை எதனையும் அவர்கள் பரப்பவில்லை. நீங்கள் ஒப்பமிட்ட வாசகம் இது, நீங்கள் செய்யும் செயல் இது என்று எழுதிக்காட்டினர், அவ்வளவே. 1977 சனவரியில் செக்கோஸ்லவாக்கியாவிலும் ஹாவெல், பாட்டோச்கா முதலியோர் 'சாசனம் 77' என்னும் அறிக்கையில், ஹெல்சிங்கியில் தம் அரசு மீண்டும் உறுதிகூறிய உரிமைகளைத் தருக எனக் கேட்டனர். நெடிய விசாரணைகளுக்குப்பின் முதிய தத்துவப் பேராசிரியராகிய பாட்டோச்கா அவ்வாண்டு மார்ச்சு மாதமே உயிர்நீத்தார். ஹாவெல் பன்முறை சிறைசென்று, 1989 டிசம்பரில் அந்நாட்டின் தலைவரானார்.

இதனோடு வேறொரு பேரத்தை ஒப்பிடலாம். 1953-இல் அமெரிக்கா ஸ்பெயின் நாட்டுச் சர்வாதிகாரி பிராங்கோவோடு மாட்ரிட்டில் உடன்படிக்கை செய்தது. படைத்தளங்களும் பொருளுதவியுமே அதன் பொருள். ஸ்பானியக் குடிகளின் உரிமை அதன் பொருளன்று. தளங்கள் கிடைத்தன. ஆனால் சிறையிலிருந்த ஒரு ஸ்பானியன் எடுத்துக்காட்டி வாதிடத்தக்க ஒரு வரி அதில் உண்டோ? யான் இன்று கேட்கும் கேள்வி இதுவே. சர்வாதிகாரியோடு பேசலாமா என்பதன்று. பேசி முடித்தபின் அவன் குடிகளின் கையில் என்ன எஞ்சியது என்பது.

வாசகம் தானே காவல்செய்யாது என்பதையும் ஒளிக்காது சொல்லவேண்டும். ஹெல்சிங்கியில் ஒப்பமிட்ட 35 அரசுகளுள் பிராங்கோவின் அரசும் ஒன்று. அஃது ஒப்பமிட்ட மை உலருமுன், செப்டம்பரில் ஐவரைச் சுட்டுக்கொன்றது. 1977-இல் பெல்கிரேடில் கூடிய மறுமாநாட்டில், அமெரிக்கத் தூதர் கோல்டுபெர்க் துன்புறுவோரின் பெயர்களை வெளிப்படையாக எடுத்துக்கூறியதை அவர்தம் தோழமை நாட்டுத் தூதர்களிற் சிலரே விரும்பவில்லை. எல்லைகளை வன்முறையால் மாற்றலாகாது என்று மாஸ்கோ கேட்டு வாங்கிய விதியை, 2014-இலும் 2022-இலும் உக்ரேன் மண்ணில் மாஸ்கோவே மிதித்தது. ஓர்லோவ் தொடங்கி, இடையில் ஒடுக்கப்பட்டு, 1989-இல் மீண்டும் எழுந்த குழுவை 2023 சனவரியில் மாஸ்கோ நீதிமன்றம் கலைத்துவிட்டது.

சொற்போர் மன்றத்தில் மீண்டும் இப்பொருள் வருமாயின் எக்கட்சியிற் பேசுவேன் என்று நண்பர் ஒருவர் வினவினார். எதிர்க்கட்சியில் என்று சொல்ல நா எழுந்தது. முழுமனத்தோடு சொல்ல இயலவில்லை. ஓர்லோவுக்கு ஏழாண்டுக் கடுஞ்சிறையும் ஐந்தாண்டு நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. அவரோடு குழுவைத் தொடங்கிய அனத்தோலி மார்ச்சென்கோ என்பார், அரசியற் கைதிகள் அனைவரையும் விடுவிக்குமாறு கேட்டு 1986-இல் உண்ணாநோன்பு இருந்து, டிசம்பர் 8-ஆம் நாள் சிஸ்டோபோல் சிறையில் கைதியாகவே மாண்டார். அதே சாசனத்தின் நிறைவேற்றத்தை ஆராய்வதற்காக அரசுகளின் தூதர்கள் அப்பொழுது வியன்னாவில் கூடியிருந்தனர்.