2001 கோபா: ஓசியில் வந்த கோப்பையா?

தென் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியான கோபா அமெரிக்காவை கொலம்பியா வென்றது ஒரே ஒரு முறை, 2001-ல், சொந்த மண்ணில். அந்த ஒன்றையும் கணக்கில் சேர்க்க மனமில்லாதவர்கள் நிறையப் பேர். அர்ஜென்டினா வரவில்லை, பிரேசில் முழு பலத்தோடு ஆடவில்லை, மிச்சத்தை பொகோட்டாவின் உயரம் பார்த்துக்கொண்டது என்பது அவர்கள் வாதம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அர்ஜென்டினா. ஜூன் கடைசியில் கொலம்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் துணைத் தலைவரை ஃபார்க் கெரில்லாக்கள் கடத்தி, சில நாளில் விடுவித்தார்கள். போட்டியைத் தள்ளிவைத்த தென் அமெரிக்கக் கூட்டமைப்பு, தொடக்கத்துக்கு ஒரு வாரமே இருந்தபோது முடிவை மாற்றிக்கொண்டு, குறித்த தேதியிலேயே நடத்தப்போவதாக அறிவித்தது. கனடா விலகியது. கொலை மிரட்டல் வந்ததாகச் சொல்லி அர்ஜென்டினாவும் விலகியது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கொலம்பியாவை இரண்டு முறையும் தோற்கடித்திருந்த அணி அது. வந்திருந்தால் கோப்பையையும் தூக்கியிருக்கலாம். ஆனால் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். 1941, 1947, 1955-ல் அர்ஜென்டினா கோப்பையை வென்றபோது பிரேசில் ஆடவே இல்லை. 1949-ல் பிரேசில் வென்றபோது அர்ஜென்டினா இல்லை. அந்தக் கோப்பைகளை யாரும் ஓசி என்று சொல்வதில்லை.

அடுத்து பிரேசில். ரிவால்டோ, ரொனால்டோ, ராபர்ட்டோ கார்லோஸ், கஃபூ வரவில்லை என்பது சரி. ஆனால் பயிற்சியாளர் ஸ்கொலாரிதான். மார்க்கோஸ், பெல்லெட்டி, ஜுனினோ, டெனில்சன் எல்லோரும் இருந்தார்கள். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இவர்கள் உண்டு. அந்த பிரேசிலை முதல் ஆட்டத்தில் மெக்ஸிகோ 1–0 என வீழ்த்தியது. காலிறுதியில், அர்ஜென்டினாவுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, போட்டி தொடங்கிய பிறகு கொலம்பிய விமானப்படை விமானத்தில் வந்து இறங்கிய ஹோண்டுராஸ் 2–0 என வெளியேற்றியது. இந்த இரண்டு அணிகளையுமே கொலம்பியா தோற்கடித்தது: ஹோண்டுராஸை அரையிறுதியில் 2–0, மெக்ஸிகோவை இறுதியில் 1–0. பிரேசிலை நேரில் சந்திக்கவில்லை என்று இதற்கு மேலும் குறைபட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?

மூன்றாவது, உயரம். பொகோட்டா 2,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனால் கொலம்பியா அங்கே ஆடியது இறுதி ஆட்டம் ஒன்றைத்தான். முதல் மூன்று ஆட்டங்களும் கடலோர பரன்கியாவின் புழுக்கத்தில் நடந்தன. காலிறுதி கொலம்பியாவின் ஆர்மேனியா நகரில், அரையிறுதி மனிசாலெஸில். இறுதியில் எதிரே நின்றதோ 2,200 மீட்டர் உயரத்து மெக்ஸிகோ நகரில் ஆடிப் பழகிய நாடு. 65-ஆவது நிமிடத்தில் இவான் லோபெஸ் அடித்த ஃப்ரீ கிக்குக்கு எம்பித் தலையால் முட்டி கோலாக்கினார் இவான் கோர்டோபா. அவர் ஒரு பின்கள வீரர், உயரம் 1.73 மீட்டர்தான். அந்த கோலை அடித்தது மலைக்காற்று இல்லை.

சொந்த மண் மட்டும் கோப்பை தந்துவிடுமா? 1987-ல் உலக சாம்பியனாக, மரடோனாவோடு, சொந்த நாட்டில் ஆடிய அர்ஜென்டினா நான்காம் இடத்தில் முடிந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அதை வீழ்த்தியது இதே கொலம்பியாதான்.

கடைசியாக ஒரு குத்தல்: ‘அடுத்த உலகக் கோப்பைக்கே தகுதி பெறாத அணி.’ தகுதிச் சுற்றில் கொலம்பியாவும் உருகுவேயும் 27 புள்ளிகளோடு சமமாக நின்றன. கோல் வித்தியாசத்தில் ஒரே ஒரு கோல் குறைந்ததால் கொலம்பியா வெளியே நின்றது. மட்டமான அணி என்பதற்கு இது சாட்சியாகாது.

ஆறு ஆட்டம், ஆறு வெற்றி. அடித்தது 11 கோல், அதில் ஆறு முன்கள வீரர் அரிஸ்டிசாபலுடையவை. வாங்கியது பூஜ்யம். யார் வருவது, யார் வராமலிருப்பது என்பது பயிற்சியாளர் மதுரானாவின் அணி கையில் இல்லை. வந்தவர்களில் ஒருவரைக்கூட ஒரு கோல் அடிக்க அது விடவில்லை. சாம்பியன் என்ற பெயருக்கு இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?