கம்பியில்லா மலிவின் கணக்கு

மதுரையின் தெற்கு விளிம்பில் விமான நிலையச் சாலையை ஒட்டியுள்ள அவனியாபுரம், தனி நகராட்சியாக இருந்து 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தது; அதனால் மாநகராட்சியின் வார்டுகள் 72-லிருந்து 100 ஆகப் பெருகினவே தவிர, மண்ணுக்கடியில் பதிக்கப்பட வேண்டிய வசதிகள் அதே வேகத்தில் வந்துசேரவில்லை. பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் தெருக்கள் அடுத்தடுத்துத் தோண்டப்படும் இத்தகைய புறநகர்களில் கண்ணாடி இழைக் கம்பி அறுபடாமல் நிலைப்பது அரிது. ஆகவே மொட்டைமாடியில் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வானலை வழியாக வீட்டுக்கு இணையம் தரும் 'நிலைத்த கம்பியில்லாச் சேவை' ஒரு நல்ல விடையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. கைப்பேசியைப் போல இடம்பெயராமல் ஏற்பி ஒரே இடத்தில் நிற்பதால் அதற்கு இந்தப் பெயர்.

இச்சேவையின் சிறப்பு, தெருவைத் தோண்டவோ கம்பத்துக்குக் கம்பம் கம்பி இழுக்கவோ தேவையின்றி ஒரே நாளில் இணைப்புக் கிடைப்பது. சுவரைத் துளைக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்காத வாடகைக் குடும்பங்களுக்கும், கேபிள்காரரின் கம்பி இன்னும் எட்டாத புதிய மனைப்பிரிவுகளுக்கும் இது உண்மையான உதவி. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது.

ஆனால் அது மலிவானதுதானா என்பதைக் கணக்கிட்டே சொல்ல வேண்டும். 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உள்ளிட்ட 8 நகரங்களில் ஜியோ நிறுவனத்தின் இத்தகைய சேவையான ஏர்ஃபைபர் அறிமுகமானபோது அதன் தொடக்கத் திட்டத்துக்கு மாதம் 599 ரூபாய், 18 விழுக்காடு வரியும் சேர்ந்தால் ஏறத்தாழ 707 ரூபாய். வேகம் நொடிக்கு 30 மெகாபிட். இதே நிறுவனம் 2020 முதலே கண்ணாடி இழைக் கம்பி வழியாக அதே 30 மெகாபிட் வேகத்தை 399 ரூபாய்க்குத் தந்துவந்தது. ஏர்ஃபைபர் கட்டணத்தில் தொலைக்காட்சி அலைவரிசைகளும் அடங்கும் என்றாலும், இணையம் மட்டுமே தேவைப்படும் வீட்டுக்கு அது சலுகை ஆகாது. மேலும், 'நியாயப் பயன்பாட்டு வரம்பு' எனப்படும் மாத அளவு கம்பியில் 3,300 ஜிபி, வானலையில் 1,000 ஜிபி. அதைத் தாண்டினால் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகச் சுருங்கிவிடும்.

இந்த வேறுபாட்டின் வேர் பகிர்வில் இருக்கிறது. கண்ணாடி இழையும் பல வீடுகளுக்குப் பகிரப்படுவதே. எனினும் நெரிசல் கூடினால் இன்னோர் இழையை இழுத்துக்கொள்ளலாம். வானலைக்கோ அலைக்கற்றை அளவானது. ஒரு கோபுரம் ஒரு திசையில் தரும் மொத்தக் கொள்ளளவை அத்திசையிலுள்ள வீடுகளும் கைப்பேசிகளும் பங்கிட்டாக வேண்டும். வீட்டு இணைப்புக்கென ஒரு பங்கைத் தனியே ஒதுக்க 5ஜி தொழில்நுட்பம் வழி செய்கிறது என்றாலும், ஒதுக்கப்படும் பங்கும் அதே கொள்ளளவிலிருந்து வெட்டியெடுக்கப்படுவதுதான். தைப்பொங்கலன்று அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக்குத் திரளும் கூட்டம் படமெடுத்து அனுப்பும் வேளையில், அதே கோபுரத்தை நம்பிய வீட்டின் இணைப்பு தளர்வது பழுதினால் அல்ல, பங்கீட்டினால். இரவு எட்டு மணிக்குத் தெருவே திரைப்படம் பார்க்கும்போதும் இதே நிலைதான். விளம்பரத்தில் வரும் வேகமோ உச்ச வேகமே.

உள்ளூர்ச் சேவையாளர் சிலர் உரிமக் கட்டணமில்லாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துவதுண்டு. 2018-இல் மத்திய அரசு அப்பட்டையில் பெரும்பகுதியை உரிமத்திலிருந்து விடுவித்ததால் செலவு குறைந்தது. ஆனால் எவரும் பயன்படுத்தலாம் என்பதால் குறுக்கீடும் கூடியது. இவ்வலைகளுக்கு இரு முனைகளும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தாக வேண்டும். வேப்பமரம் தழைத்தாலோ பக்கத்து வீட்டில் ஒரு மாடி எழும்பினாலோ இணைப்பு நலியும். விமான நிலையத்தைச் சுற்றிக் கோபுர உயரத்துக்குச் சட்ட வரம்பு இருப்பதால் அவனியாபுரத்தில் உயர்த்திக் கட்டித் தப்பவும் எளிதில் இயலாது. மழையை மட்டும் வீணாகக் குறைசொல்கிறார்கள். இந்த அலைவரிசைகளில் மழையால் வரும் இழப்பு சிறிது, மின்தடையும் காற்றில் திரும்பிய ஏற்பியுமே பெரும்பாலும் காரணம்.

மதுரை மாவட்டத்துக்கு இது முதல் பாடமன்று. 2001-இல் மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐஐடியின் கோர்டெக்ட் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஊர்தோறும் இணைய மையங்கள் தொடங்கின. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய அந்தக் கம்பியில்லாத் தொலைபேசி முறை, பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்கு 35 முதல் 70 கிலோபிட் வேகம் தந்தது. அந்தச் சிறு வேகத்திலேயே சான்றிதழ் விண்ணப்பங்கள் வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றன. கண்ணின் படங்கள் அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றன. ஆயினும் சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன. வருவாய் செலவைத் தாங்கவில்லை, பழுதானால் கைகொடுக்கும் தொழில்நுட்ப ஆதரவு தொடரவில்லை, அதிகாரிகளின் ஈடுபாடும் நீடிக்கவில்லை. வானலை அங்கே தோற்கவில்லை, பராமரிப்பு தோற்றது.

வரம்பு தாண்டிய வீட்டுக்கு இன்று எஞ்சும் 64 கிலோபிட், அன்று மேலூருக்குக் கிடைத்த வேகமே. 2023 முதல் அகலப்பட்டை என்று அழைக்கவே குறைந்தது 2 மெகாபிட் வேண்டும் என அரசே வரையறுத்துள்ள காலத்தில் இது பொருந்தாது. எனவே நிறுவனங்கள் உச்ச வேகத்தோடு இரவு எட்டு மணியின் சராசரி வேகத்தையும் அந்தந்தப் பகுதிக்கென அறிவிக்கக் கடமைப்பட வேண்டும். மாநகராட்சியும், கம்பியில்லாச் சேவை வந்துவிட்டதே என்று ஓய்ந்துவிடாமல், குழாய்க்காகத் தெருவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கண்ணாடி இழைக்கென ஒரு வெற்றுக் குழலையும் சேர்த்துப் பதித்துவிட்டே பள்ளத்தை மூட வேண்டும்.