ஆடுபவரே நடுவர்

விளையாட்டு என்றதும் பரந்த மைதானமும், சீருடையும், ஊதல் ஏந்திய நடுவரும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இம்மூன்றும் இன்றியே குடும்பத்தார் அனைவரும் கூடி ஆடத்தக்க விளையாட்டு ஒன்று அமெரிக்க நாட்டுப் பூங்காக்களில் வேரூன்றியிருக்கிறது. 'டிஸ்க் கோல்ஃப்' என்பது அதன் பெயர். மட்டைக்கும் பந்துக்கும் மாற்றாக, கையால் வீசும் தட்டு ஒன்றே அதன் கருவி.

கலிபோர்னியா மாநிலத்தில், பாசடீனா நகரை அடுத்த ஓக் குரோவ் பூங்காவில் 1975ஆம் ஆண்டு இதற்கென முதல் நிலையான களம் அமைந்தது. அதனை வகுத்தவர் எட் ஹெட்ரிக். 'ஃபிரிஸ்பீ' என்னும் பறக்கும் தட்டைச் செம்மைப்படுத்தியவரும் அவரே. தொடக்கத்தில் வெறுங்கம்பங்களே இலக்குகளாய் இருந்தன. தட்டு கம்பத்தில் பட்டதா இல்லையா என்ற வாக்குவாதம் ஓயாமல் எழுந்ததால், சங்கிலிகள் தொங்கும் கூடையை அவர் உருவாக்கினார் என்பர். அதற்கு 1977இல் காப்புரிமையும் பெற்றார். சங்கிலியில் மோதும் தட்டு வேகம் தணிந்து கூடைக்குள் விழுகிறது, ஐயத்திற்கு இடமில்லை.

ஆடும் முறை எளிது. குறித்த இடத்தில் நின்று தட்டை வீச வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்தே அடுத்த வீச்சு. கூடையினின்று தொலைவில் இருப்பவர் முதலில் வீசுவார். எல்லாக் கூடைகளையும் மிகக் குறைந்த வீச்சுகளில் முடித்தவர் வென்றவர்.

பெரிய களங்களில் பதினெட்டுக் கூடைகள் இருக்கும். நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுகள் பல உண்டு. புதிதாய்ப் பயில்வோர்க்கான சிறு களங்களிலோ பெரும்பாலும் ஒன்பதே கூடைகள். ஐம்பது, அறுபது மீட்டர் தொலைவே மிகுதி. சிறியது என்பதால் இதனைத் தாழ்வாக எண்ணுதல் தகாது. தொலைவு குறையக் குறையத் தோள்வலிமையின் மதிப்புக் குறைகிறது. நேராக எறியும் நிதானத்தின் மதிப்பு உயர்கிறது. பத்து வயதுப் பேரனும் அறுபது கடந்த பாட்டனாரும் சமமாய் நிற்பது இங்கேதான். தொடங்குவோர்க்கு மெதுவாய்ப் பறக்கும் தட்டு ஒன்று போதும். நெடுந்தொலைவுக்கென விளிம்பு மெலிந்த தட்டுகளை வாங்கித் தருவதால் பயனில்லை. வேகம் போதாத கையினின்று புறப்படும் அவை விரைவிலேயே ஒரு பக்கமாய்ச் சாய்ந்து விழுந்துவிடும்.

பெற்றோர் கருத வேண்டியது இனித்தான் வருகிறது. இவ்வாட்டத்தில் நடுவர் இல்லை. தன் வீச்சுகளைத் தானே எண்ணிச் சொல்ல வேண்டும். புதருக்குப் பின்னால் வீசிய ஒன்றை எவரும் காணாதிருக்கக்கூடும். "அப்பா, மரத்தில் பட்டுத் திரும்பி வந்ததையும் எண்ண வேண்டுமா?" என்று பிள்ளை கேட்கும். "போகட்டும், சிறுபிள்ளைதானே" என்று அன்பின் மிகுதியால் ஒன்றைக் குறைத்து எழுதும் தந்தையர் உண்டு. அன்று மகிழும் அப்பிள்ளை, கணக்கு என்பது வேண்டியவாறு வளைக்கத்தக்கது என்ற பாடத்தையும் உடன் கற்றுக்கொள்கிறது.

பிள்ளைக்குச் சலுகை தருவது தவறன்று. தொடங்கும் இடத்தைக் கூடைக்கு அருகே அமைத்துக் கொடுப்போம். ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டாம். முன்னது உதவி, பின்னது பொய். நாம் தவறவிட்ட வீச்சையும் பிள்ளைகள் கேட்க உரக்க எண்ணுவோமாக. அறிவுரை நூறு சொல்வதினும் அது ஆழப் பதியும்.

மற்றொன்றும் உண்டு. பூங்கா ஆடுவோர்க்கு மட்டும் உரியதன்று. பாதையில் முதியவரோ, குழந்தை வண்டி தள்ளும் தாயோ வருவராயின், அவர் கடக்கும்வரை தட்டைக் கையிலேயே வைத்துக் காத்திருப்பது விதி. தன் முறை வந்தபின்னும் பிறர்பொருட்டுப் பொறுத்திருக்கவும், காண்பார் இல்லாதபோதும் சரியாய் எண்ணவும் ஒரு மணி நேர ஆட்டம் பழக்குமாயின், அந்தச் சிறு களம் நம் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை பெரிதே.