வாலிபர் கேள்வியும் பெரியோர் மௌனமும்

நமது ஊர்களில் பெண் குழந்தை ருதுவானால் வாசலில் பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி வைக்கிறோம், தெரு முனையில் அவள் படத்துடன் பலகை நாட்டி ஊரை அழைக்கிறோம். தாய்மாமன் சீர் வருகிறது. மஞ்சள் நீராட்டு நடக்கிறது. ஊராரெல்லாம் அறிந்துகொண்ட அந்தச் சங்கதி இன்னதென்று அந்தப் பெண்ணின் அருகில் அமர்ந்து எடுத்துச் சொன்னவர் யார்? அநேக வீடுகளில் ஒருவருமில்லை. அவளுடைய அண்ணனின் நிலைமை இன்னும் பரிதாபம். அவனுக்குக் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, சொப்பன ஸ்கலிதம் உண்டாகிறது. அவனுக்குப் பந்தலும் இல்லை, பதிலும் இல்லை.

நாம் பதில் சொல்லாமற் போனால் கேள்வி மறைந்துவிடும் என்று எண்ணுவது பேதைமை. பதில் சொல்ல வேறொருவர் காத்துக்கொண்டிருக்கிறார். பஸ் நிலையத்துச் சுவர்களைப் பாருங்கள். இளமையில் செய்த தவறுகளால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டதா, ஆண்மை குன்றிவிட்டதா என்று கேட்கும் விளம்பரங்களைக் காணலாம். மாதத்தில் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் பரம்பரை வைத்தியர் தங்குவார் என்ற விவரமும் அதிலேயே இருக்கும். தகப்பனிடம் கேட்க நாவெழாத பையன் அங்கே போகிறான். ஒரு துளி விந்து நாற்பது துளி இரத்தத்திற்குச் சமானம் என்று அவனைப் பயமுறுத்தி, லேகியமும் சூரணமும் கொடுத்துப் பணத்தைப் பறிக்கிறார்கள். பணம் போனாலும் போகட்டும். தான் கெட்டுப்போனவன் என்ற பயம் அவன் உள்ளத்தில் வருஷக்கணக்காகத் தங்கிவிடுகிறது. ஆண்மைக்கும் மாதவிடாய்க் கோளாறுக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது; விளம்பரம் சுவரில் இருக்கிறது.

உண்மையோ மிக எளிது. சொப்பன ஸ்கலிதம் வளரும் உடலின் இயல்பு. அதனால் இரத்தம் வற்றுவதில்லை, நரம்பு தளர்வதில்லை. சுயபோகத்தால் ஆண்மை கெடும் என்பதற்கும் வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரமில்லை. இந்த இரண்டு வாக்கியங்களைத் தகப்பன் சொல்லியிருந்தால் பிள்ளை லாட்ஜ் படி ஏறியிருக்க மாட்டான். பெண்ணுக்குச் சொல்லவேண்டியதும் அவ்வாறே எளியது. மாதவிடாயில் வெளிப்படுவது தீட்டான இரத்தம் அன்று; கருவைத் தாங்குவதற்காகக் கருப்பை தயாரித்து வைத்த உட்படலம், கரு தரிக்காத மாதத்தில் கழிகிறது. முதல் ஓரிரு வருஷங்கள் அது முன்பின்னாக வந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. துணியானால் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்தவேண்டும். யாரும் காணாதபடி இருட்டு மூலையில் ஒளித்து உலர்த்துவதே நோய்க்கு இடம் கொடுக்கிறது.

இதை அற்ப விஷயம் என்று நேயர்கள் நினைத்துவிடலாகாது. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நமது தேசத்தில் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் சுமார் 25 கோடிப் பேர்; மொத்த ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்தசோகை உடையவர்கள் என்று தெரியவந்தது. பள்ளிக்கூடங்களில் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். எதற்காக அது என்று அறியாத பெண் அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டால் குற்றம் அவளுடையதா?

உடலைப் பற்றிய கேள்வியோடு உள்ளத்தைப் பற்றிய கேள்வியும் பிறக்கிறது. ஒருத்தியிடம் மனம் செல்கிறது, அவள் மறுத்துவிடுகிறாள். மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டு, மறுக்கப்பட்டவனுக்கு அதனால் அவமானம் ஏதுமில்லை என்று நமது பையன்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? சினிமா வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கிறது: பின்தொடர்ந்துகொண்டே இருந்தால் ஒரு நாள் இசைவாள் என்று. கைபேசி அதைவிடக் கேவலமானதைக் காட்டுகிறது. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எவரையும் குழந்தையாகவே கருதுகிறது. அந்த வயதினர் தந்த சம்மதத்தைச் சட்டம் சம்மதமாக ஏற்பதில்லை. இது தெரியாத வாலிபன் போலீஸ் ஸ்டேஷனில் வைத்து இதைத் தெரிந்துகொள்கிறான். தன்னைத் தவறாகத் தொடுபவர் உறவினரேயானாலும் வெளியே சொல்லலாம் என்பது தெரியாத குழந்தையோ வாய் திறவாமலே வாடுகிறது.

இவற்றையெல்லாம் பேசினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், நமது பண்பாடு அழிந்துவிடும் என்று ஆக்ஷேபிப்பவர்கள் உண்டு. 2007-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய ராஜ்யங்கள் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வியை இதே காரணம் சொல்லி நிறுத்தின. அவர்களுடைய கவலையை நாம் பரிகசிக்கவில்லை. பெற்றோரின் கவலை அது. ஆனால், பல நாடுகளின் ஆராய்ச்சிகளைத் தொகுத்து யுனெஸ்கோ 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், இத்தகைய கல்வியால் வாலிபர் முன்னதாகவே உடலுறவில் இறங்குவதில்லை என்றே கூறுகிறது. பிரமசரியத்தை உயிரெனப் போற்றிய மகாத்மா காந்தியைவிடப் பண்பாட்டில் அக்கறை கொண்டவர் யார்? பதின்மூன்று வயதில் தமக்கு நடந்த விவாகத்தையும், அதில் தாம் நடந்துகொண்ட விதத்தையும் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியவர் அவர். 1936-இல் 'ஹரிஜன்' பத்திரிகையில், ஜனன உறுப்புகளைப் பற்றிய அறிவைச் சிறுவர் சிறுமியருக்குப் புகட்டுவது அவசியம் என்ற கருத்தையும் வெளியிட்டார். புலனடக்கத்தை விரும்பியவரே அறிவை வேண்டினார். அடக்கம் அறிவிலிருந்து பிறக்கவேண்டும். அறியாமையிலிருந்து பயமும் களவுமே பிறக்கும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 2014 ஜனவரியில் வாலிபர் சுகாதாரத்துக்கென ஒரு தேசியத் திட்டம் துவங்கிற்று. பல ஜில்லாக்களில் வாலிபருக்காகத் தனி ஆலோசனை நிலையங்கள் ஏற்பட்டன. 2024 செப்டம்பரில் அளித்த ஒரு தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டும் பாலியல் கல்வியின் அவசியத்தை வலியுறுத்தியது. எனினும் பாடப் புத்தகத்தில் அந்த அத்தியாயம் வந்ததும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் பக்கத்தைப் புரட்டிவிட்டால் என்ன பயன்? வீட்டிலே தகப்பனும் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டால் பிள்ளை எங்கே போவான்?

ஆகவே, இதைப் படிக்கும் தகப்பன்மாரை நாம் கேட்டுக்கொள்வது பெரிய காரியமன்று. பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள், சிரிக்காதீர்கள். கேட்ட அளவுக்கு, அவன் வயதுக்குத் தக்கபடி, உண்மையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மகளுக்குச் சொல்லவேண்டியதைத் தாய் சொல்லட்டும் என்று முழுவதும் ஒதுங்கிவிடாதீர்கள். தன் மாதவிடாயைக் கண்டு தகப்பன் அருவருக்கவில்லை என்று அறிந்த பெண், நாளைக்கு ஆபத்து நேர்ந்தால் முதலில் அவரிடமே ஓடிவருவாள். குழந்தைகள் ஆபத்தில் அழைப்பதற்கு 1098 என்ற எண்ணும், நமது மாநில மாணவர்களுக்கு 14417 என்ற எண்ணும் இருக்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மேடையேறி ஆயிரம் பேர் முன்பு அஞ்சாமல் பேசும் நமது தொண்டர்கள், வீட்டிலே பதினான்கு வயதுப் பிள்ளை ஒருவன் கேட்கும் கேள்விக்கு முன்பு நாவடைத்து நிற்கிறார்கள். இன்றிரவு சாப்பாடு ஆனபின் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் அழைத்து உட்காரவைத்துப் பேசட்டும். லாட்ஜ் வைத்தியருக்கு ஒரு வாடிக்கைக்காரன் குறைவான்.